நீலகிரி உருளைக்கிழங்கும் நூற்புழுவும்: மண் மருந்தின் வரலாறு

நீலகிரி வேளாண்மை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேயிலையோடு நின்றுவிடுகின்றனர். உருளைக்கிழங்கோ அதற்கும் முந்தியது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், ஐரோப்பியக் காய்கறிகளுடன் அம்மலையில் அது வேரூன்றியது. படகர்கள் அதனைத் தம் பயிராகவே ஆக்கிக்கொண்டனர். அப்பயிரின் பெரும்பகை வெளிப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் 1961இல் உதகமண்டலத்தில் தங்க நூற்புழுவைக் கண்டறிந்தார். ஐரோப்பிய விதைக்கிழங்கோடு அது வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ‘நூற்புழு’ என்னும் சொல்லை ஏட்டை அரிக்கும் புழு எனத் தமிழாசிரியர் மயங்குதல் இயல்பே. இங்கு நூல் என்பது இழை. கிரேக்கச் சொல்லின் நேர் ஆக்கம்.

இப்புழுவை அழிப்பதன் அருமை அதன் வாழ்முறையில் உள்ளது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே கடினமான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. கடுகினும் சிறிய அக்கூடு இருபது ஆண்டுகளும் மண்ணில் கிடக்கவல்லது. கிழங்குச் செடியின் வேர்க்கசிவு பட்டாலன்றி முட்டைகளுட் பெரும்பாலானவை பொரிவதில்லை.

எனினும், மண்ணை நஞ்சூட்டினால் தீரும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் உலகெங்கும் வலுவாக இருந்தது. 1943இல் ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் டி.டி. என்னும் மண்புகை மருந்தின் ஆற்றல் வெளிப்பட்டதே அதற்கு வித்து. அடுத்து வந்த டி.பி.சி.பி. விலை மலிவானது. 1977இல் கலிபோர்னிய ஆலையொன்றில் அதனைத் தயாரித்த ஆண் தொழிலாளர் பலர் மலடாயினமை தெரியவந்தது. இந்தியா அதனைத் தடைசெய்தது 1989இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளைக் காலத்தாழ்வு என்றே நாம் கொள்கிறோம்.

நீலகிரியில் பின்னர் கார்போபியூரான் போன்ற குருணை மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. அவை புழுவின் எண்ணிக்கையைக் குறைத்தன. கூட்டினுள் உறங்கும் முட்டைகளை ஒழிக்கவில்லை. ஆண்டுதோறும் மருந்திடும் செலவோ உழவர் தலைமேல் விழுந்தது. 1971இல் தமிழ்நாடு அரசு விதித்த தடையால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லும் வழியும் அடைபட்டது. நோயைப் பரப்பாதிருக்க அத்தடை தேவையே. அதன் சுமையைத் தாங்கியவர் யாவர் என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.

1985இல் வெளியிடப்பட்ட ‘குஃப்ரி ஸ்வர்ணா’ வேறொரு வழியைக் காட்டியது. அதன் வேரில் நுழையும் புழு இனம்பெருக்க இயலாது மடிகிறது. நீலகிரியில் தங்கநிறப் புழுவோடு வெளிர்நிறப் புழுவும் உண்டு. ஒன்றை மட்டும் எதிர்க்கும் வகை மற்றொன்றைப் பெருக்கிவிடும். ஸ்வர்ணா இரண்டையும் எதிர்த்தது என்பதிலேயே அதன் சிறப்பு அடங்கியுள்ளது. முட்டைக்கோசு, காரட், பீன்ஸ் முதலியவற்றோடு பயிர் மாற்றமும் மருந்தின் பங்கைச் சுருக்கியது.

2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றிலும் இப்புழு இருப்பது உறுதிப்பட்டு, அங்கிருந்து விதைக்கிழங்கு செல்வதை நடுவண் அரசு தடைசெய்தது. ஸ்வர்ணாவின் பெயரிலுள்ள குஃப்ரி, இமாச்சலத்தில் சிம்லாவை அடுத்த ஊர்.