தந்தையாரின் கைக்கடிகாரம்

எனது தந்தையார் அணிந்திருந்த, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒரு நாள் ஐந்து நிமிடமும் மறுநாள் பதினைந்து நிமிடமும் முந்தி ஓடத் தொடங்கியது. இரண்டு கடைகளில் கழுவி எண்ணெய் இட்டும் பயனில்லை. இனி அலுமாரியில் பூட்டி வைப்பதே வழி என்று மனம் கசந்திருந்தேன். (பத்திரிகைக்காரனுக்கு முந்துவது நல்லதுதானே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.)

மூன்றாவதாகப் பார்த்த முதியவர் அதைத் திறக்கவேயில்லை. சிறிய திசைகாட்டி ஒன்றை அருகில் பிடித்தார், முள் ஆடியது. "இரவில் எங்கே கழற்றி வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். வானொலிப் பெட்டியின் மேல் என்றேன். அதன் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருப்பதை நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

இந்த நோயின் வேர் 1675 இல் இருக்கிறது. ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மயிரிழை போன்ற சுருள்வில்லை அந்த ஆண்டில்தான் கடிகாரத்தில் பொருத்தச் செய்தார். எண்ணம் தன்னுடையதே என்று இங்கிலாந்தில் றொபேர்ட் ஹூக் சண்டை பிடித்தார். அந்த வில்லே கடிகாரத்தை நம்பத்தக்கதாக்கியது. ஆனால் உருக்கினால் ஆனதால், வெப்பத்தில் அது தளர்ந்து கடிகாரம் பிந்தும். காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வில் குறுகியதுபோலாகி முந்தும். வெப்பக் குறையைப் பெரிதும் போக்கிய நிக்கல் உருக்குக் கலவைகளை ஆராய்ந்த சார்ள் எடுவார்ட் கியோம் 1920 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். காந்தத்தைத் தாங்கும் கைக்கடிகாரங்கள் 1930களில்தான் சந்தைக்கு வந்தன. தந்தையாருடையது அந்த வகையன்று.

முதியவர் மின்சாரம் பாயும் கம்பிச் சுருளுக்குள் கடிகாரத்தை நுழைத்து, மெல்ல வெளியே இழுத்தார். மறுநாள் காலை ஒப்பிட்டபோது வித்தியாசம் அரை நிமிடமும் இல்லை. வானொலியின் மேல் இப்போது எனது மூக்குக்கண்ணாடிதான் இருக்கிறது.