ஸ்ட்ரெப்டோமைசின்

காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாடிக். அமினோகிளைகோசைடு என்ற மருந்துக் குடும்பத்தில் முதலில் கண்டறியப்பட்டதும் இதுவே. காசநோய்க் கிருமியிடம் பெனிசிலின் பலிக்கவில்லை. பாக்டீரியாவைத் தன் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது பெனிசிலினின் வேலை. மனித செல்லுக்குச் சுவரே கிடையாது. ஆகவே ஒவ்வாமை உள்ளவர்கள் நீங்கலாக, மற்றவர்களை அது பெரும்பாலும் துன்புறுத்துவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் தாக்கும் இடம் வேறு. அதன் நன்மை, கேடு இரண்டுமே அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

1943 அக்டோபரில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், எரு போட்ட வயல்மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரந்த பொருளே இம்மருந்து. மேயோ கிளினிக்கில் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும் அதைக் கினிப்பன்றிகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1950இல் ஷாட்ஸ் வழக்காடி, இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையைப் பெற்றார். அப்படியிருந்தும் 1952இன் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டுமே போனது. கிருமியோடு நேருக்கு நேர் நின்று உழைத்தவரை ஒதுக்கிய அந்த முடிவில் நியாயம் இல்லை.

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிப்பது ரைபோசோம். அதன் சிறிய கூறில் இம்மருந்து ஒட்டிக்கொண்டு, மரபுச் செய்தியைத் தப்பாக வாசிக்க வைக்கிறது. பிழையான புரதங்கள் செல் சவ்வில் போய்ச் சேர, சவ்வு கெட்டுக் கிருமி சாகிறது. மனித ரைபோசோம் வேறு அமைப்புடையது என்பதால் தப்பிக்கிறது. ஆனால் நம் செல்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்த ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியாவினுடையதைப் போன்றது. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு, இம்மருந்தின் சாதாரண அளவு ஊசியே காதைச் செவிடாக்கிவிடலாம் என்பது 1993இல் உறுதியானது.

இந்த மரபு மாற்றம் இல்லாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. அமினோகிளைகோசைடுகள் சிறுநீரகத்திலும் உட்செவியிலும் தங்குகின்றன. சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். உட்செவியின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் குறிப்பாகத் தாக்குவது உடல் சமநிலையைக் காக்கும் பகுதியை. பகல் வெளிச்சத்தில் கண்ணைத் துணைகொண்டு நடப்பவர், இருட்டிலோ முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ தள்ளாடிவிடுவார். இந்த மருந்தால் சமநிலை இழந்த மருத்துவர் ஒருவர் 1952இல் எழுதிய அனுபவக் கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது: நாடித் துடிப்பில் தலை அசையும்போதெல்லாம் எழுத்துகள் குதித்ததால், கட்டிலின் இரு கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் வாசிக்க முடிந்தது.

மருந்து எதிர்ப்பும் உடனே தலைகாட்டியது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதங்களுக்குள் ஊசி போட்ட 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் நாளடைவில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறுகியது. தனி மருந்துக்குக் கிருமி பழகிவிட்டிருந்தது. பாஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு குறைந்தது. காசநோய்க்கு ஒரே மருந்தைத் தனித்துக் கொடுக்கக்கூடாது என்ற விதி இப்படித்தான் பிறந்தது.

1952இல் ஐசோனியசிட் என்ற மாத்திரை வந்ததும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியின் பிடி தளர்ந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், ஐசோனியசிட்டையும் பாஸையும் ஓராண்டு வாய்வழியாகக் கொடுத்தது. ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே ஏறக்குறைய சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் இருந்தவர்கள் அளவுக்குக் குணமானதை அதன் 1959ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது.

இதே குடும்பத்தில் நியோமைசின், கானமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவை பின்னர் வந்தன. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மாதக்கணக்கில் கானமைசின் போட்டுக்கொண்டு, உயிர் பிழைத்தும் கேட்கும் திறனை இழந்தவர்கள் பலர். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே செவித்திறன் சோதனை செய்யாமல் விட்டதை ஏற்கவே முடியாது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினைக் கைவிடச் சொல்லி, பெடாகுவிலின் போன்ற மாத்திரைகளுக்கு முன்னுரிமை தந்தது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றுக்கு ஜென்டாமைசின் இன்றும் முதல் வரிசை மருந்துகளுள் ஒன்று. எடைக்கேற்ற அளவும் குறைந்த நாட்களும் அங்கே கட்டாயம்.