உப்பின் பெயரால் ஒரு குடியிருப்பு: ஃபெஸ் நகர மெல்லா

முன்னுரை

மொரோக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் யூதர் வாழ்ந்த பழைய குடியிருப்பு 'மெல்லா' எனப்படும். அரண்மனையை அடுத்து, மரீனிய மரபினர் 1276இல் நிறுவிய புதிய ஃபெஸ் பகுதியில் அது அமைந்துள்ளது. அங்கு நாம் சென்றிருந்தபோது, பெயர்க்காரணத்தை வழிகாட்டியிடம் வினவினோம். தூக்கிலிடப்பட்ட கலகக்காரர்களின் தலைகளை உப்பிட்டுப் பதப்படுத்தும் பணி யூதர்மீது சுமத்தப்பட்டதால் அப்பெயர் வந்தது என்றார் அவர். இவ்விளக்கம் பயண நூல்கள் பலவற்றிலும் காணப்படுவதே. அது ஏற்கத்தக்கதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் இடமும்

'மில்ஹ்' என்னும் அரபுச் சொல் உப்பைக் குறிக்கும். யூதர் குடியேறுவதற்கு முன்னரே அந்நிலம் உப்புத் தொடர்பான பெயரைக் கொண்டிருந்தது என்பதே வரலாற்றறிஞர் பெரும்பாலோர் கருத்தாகும். ஆகவே பெயர் மண்ணுக்கு உரியது. மக்கள்மீது பின்னர் ஏறியது. 16ஆம் நூற்றாண்டில் மராகேஷ் நகரில் யூதர் குடியிருப்பு அமைந்தபோது அதற்கும் இப்பெயரே வழங்கிற்று. இவ்வாறு ஓர் இடத்தின் பெயர் நாடெங்கும் பொதுப்பெயராயிற்று. பெயரின் தோற்றம் மறந்த நிலையில், இழிவைக் காரணமாகக் காட்டும் கதை அவ்வெற்றிடத்தை நிரப்பியது எனலாம். சங்க இலக்கியத்தில் குடியிருப்பைப் பொதுவாகச் சுட்டிய 'சேரி' என்னும் சொல் பிற்காலத்தில் அடைந்த மாற்றத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று.

காவலா, விலக்கா?

யூதர் இங்குக் குடியமர்த்தப்பட்டது 1438இல் ஆகும். அரசரின் நேரடிப் பாதுகாப்பில் அவர்களை வைப்பதே நோக்கம் என்பர் ஒரு சாரார். பழைய நகரிலிருந்து விலக்குவதே நோக்கம் என்பர் மற்றொரு சாரார். நிகழ்வுகள் இரண்டிற்கும் இடந்தருகின்றன. 1465இல் எழுந்த கிளர்ச்சியில் சுல்தான் கொல்லப்பட்டார். மெல்லாவில் வாழ்ந்தோர் பலரும் மாண்டனர். மதில் அன்று காக்கவில்லை. 1912 மார்ச் 30இல் பிரெஞ்சுக் காப்பாட்சி உடன்படிக்கை கையெழுத்தான பின்னர், ஏப்ரல் 17இல் படைவீரர் கலகம் வெடித்து மெல்லா சூறையாடப்பட்டது. அப்போது ஆயிரக்கணக்கானோர் அண்டை அரண்மனை வளாகத்தில், சுல்தானின் விலங்குக் காட்சியிடத்தில் தஞ்சம் புகுந்து உயிர் பிழைத்தனர். அன்று அரண்மனையின் அண்மையே காத்தது.

உள்வாழ்வு

துன்பத்தை மட்டும் கொண்டு இவ்விடத்தை அளவிடுதல் பொருந்தாது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் இங்கு வந்தபோது, உள்ளூர் யூதர் 'தோஷாவிம்' எனவும் வந்தோர் 'மெகோராஷிம்' எனவும் அழைக்கப்பெற்றனர். இரு சாராரும் இறைச்சி குறித்த சமய விதியில் நெடுநாள் பிணங்கினர். வந்தோர் 1494 முதல் மணவாழ்க்கை, சொத்துரிமை பற்றிய விதிகளை வகுத்தனர். பொற்கொல்லர்களுள் பெரும்பாலோர் யூதரே என 16ஆம் நூற்றாண்டின் பயணியான அல்-ஹசன் அல்-வஸ்ஸான் எழுதியுள்ளார்.

கட்டடக் கலையும் சான்று பகர்கிறது. பழைய நகரின் வீடுகள் தெருவுக்கு வெற்றுச் சுவரைக் காட்டி முற்றத்தை நோக்கியவை. மெல்லாவின் பெருந்தெரு வீடுகளோ மர மாடங்களையும் சாளரங்களையும் தெருப்பக்கமே திறந்துள்ளன. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இப்னு தனான் தொழுகைக்கூடம் பழுதுபார்க்கப்பட்டு 1999இல் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளூர் யூதரின் மரபைச் சார்ந்த ஸ்லாத் அல்-ஃபாசியீன் 2013இல் புதுப்பொலிவு பெற்றது.

முடிவுரை

1948இல் மொரோக்கோவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூதர் வாழ்ந்தனர். இன்று சில ஆயிரவரே உளர். இஸ்ரேல், பிரான்ஸ், கனடா ஆகிய நாடுகளுக்குப் பெரும்பாலோர் பெயர்ந்தனர். மாடங்களின் கீழ் இன்று வாழ்வோர் முஸ்லிம் குடும்பத்தினர். வெண்சுண்ணம் பூசிய கல்லறைகளிடையே, 1834இல் மரண தண்டனைக்குள்ளான சோலிக்கா என்னும் இளம்பெண்ணின் அடக்கவிடம் இன்றும் போற்றப்படுகிறது. 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டின் அடையாளத்தை வளப்படுத்திய கூறுகளுள் ஒன்றாக எபிரேய மரபையும் குறிப்பிடுகிறது.

தம் பெயர்மீது ஏற்றப்பட்ட கதையை மறுத்துரைக்க அவ்வீதியில் இன்று ஏறத்தாழ எவரும் இலர். அவ்வாறான இடத்தில், கேட்ட கதையைக் கதையென்றும் சான்றைச் சான்றென்றும் பிரித்துரைப்பது வரலாறு கற்பிப்போரின் கடமையாகிறது.