சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் கார மாத்திரை: பொருத்தப்பட்ட சிறுநீரகத்தைக் காக்குமா?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலரது மருந்துச் சீட்டில், உடல் எதிர்ப்பு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளுடன் சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் இடம்பெறுகிறது. ஆப்ப சோடாவில் உள்ள வேதிப்பொருள்தான் இது. ரத்தத்தில் கூடும் அமிலத்தை ஈடுசெய்வதுடன், பொருத்தப்பட்ட சிறுநீரகம் பழுதடைவதையும் இது தாமதப்படுத்தும் என்ற நம்பிக்கை நீண்ட காலமாக இருந்து வந்தது. அந்த நம்பிக்கையை ஸ்விட்சர்லாந்தில் நடைபெற்ற மருத்துவ ஆய்வு ஒன்று நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. 'தி லான்செட்' மருத்துவ இதழில் 2023-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவு, எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன. ஆகவே, இந்தக் கேள்வி இங்குள்ள ஏராளமான குடும்பங்களுக்கும் பொருந்தும்.

அமிலம் கூடுவது ஏன்?

உண்ணும் உணவு, குறிப்பாக இறைச்சி, முட்டை போன்ற புரத உணவுகள் செரித்த பின் உடலில் அமிலம் எஞ்சுகிறது. அதைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதும், ரத்தத்தில் பைகார்பனேட் என்னும் காரப்பொருளின் அளவைப் பேணுவதும் சிறுநீரகத்தின் பணி. பைகார்பனேட் பொதுவாக லிட்டருக்கு 22 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே குறைந்து, ரத்தத்தில் அமிலத்தன்மை மிகும் நிலையை 'வளர்சிதைமாற்ற அமிலத்தேக்கம்' என மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர்.

மாற்று சிகிச்சை பெற்றவருக்குப் பெரும்பாலும் ஒரு சிறுநீரகமே செயல்படுகிறது. அதன் வடிகட்டும் திறன் குறையும்போது அமிலம் தேங்குகிறது. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க அளிக்கப்படும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளும், சிறுநீரக நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடைப்படுத்தக்கூடும். அமிலத்தேக்கம் நீடித்தால் எலும்பு வலுவிழக்கும், தசை நலியும், ரத்தத்தில் பொட்டாசியம் உயரவும் வாய்ப்புண்டு.

நம்பிக்கை பிறந்த விதம்

லண்டனில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 134 பேரிடம் நடைபெற்று, 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சோடியம் பைகார்பனேட் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரகத் திறன் மெதுவாகவே குறைந்தது தெரியவந்தது. ஆனால், அவர்கள் மாற்று சிகிச்சை பெற்றவர்கள் அல்லர்.

பின்னர் தென் கொரியாவில், மாற்று சிகிச்சை பெற்ற 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகள் ஆராயப்பட்டன. பைகார்பனேட் குறைவாக இருந்தவர்களிடையே, பொருத்தப்பட்ட சிறுநீரகம் செயலிழப்பதும் உயிரிழப்பும் அதிகமாக இருந்தன. எனினும், இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே பழுதடைந்து வரும் சிறுநீரகம்தான் பைகார்பனேட் குறைவதற்குக் காரணமாகவும் இருக்கலாம்.

ஸ்விட்சர்லாந்து ஆய்வு கூறுவது என்ன?

இந்த ஐயத்தைத் தீர்க்க, சூரிச், பெர்ன், ஜெனீவா நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனைகள் இணைந்து ஆய்வு மேற்கொண்டன. மாற்று சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலாகி, பைகார்பனேட் அளவு 22 அல்லது அதற்குக் குறைவாக இருந்த 242 பேர் 2017 முதல் 2019 வரை சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1.5 முதல் 4.5 கிராம் வரை சோடியம் பைகார்பனேட்டும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் அளிக்கப்பட்டன. தமக்குக் கிடைப்பது எது என்பது நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து 240 பேரின் தரவுகள் ஒப்பிடப்பட்டன. மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் அமிலத்தன்மை சீரடைந்திருந்தது. ஆனால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும் வேகத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறுநீரகத் திறனைக் காக்கும் நோக்கில் மட்டும் இம்மருந்தை அனைவருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டியதில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

அப்படியெனில் மாத்திரை வீணா?

இல்லை. சிறுநீரகத் திறன் குறைவதை மாத்திரை தடுக்கவில்லை என்பதே ஆய்வின் முடிவு. அமிலத்தேக்கத்துக்குச் சிகிச்சையே வேண்டாம் என்பதன்று. பைகார்பனேட் வெகுவாகக் குறைந்தவர்களுக்கு அதை ஈடுசெய்வது அவசியமே. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிடும் 'கேடிகோ' அமைப்பு, 2024-ஆம் ஆண்டு நெறிமுறையில், பெரியவர்களுக்கு பைகார்பனேட் 18-க்குக் கீழே செல்வது போன்ற பாதிப்பான நிலையைத் தவிர்க்க மருந்து அளிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் எனக் கூறுகிறது. அதன் 2012-ஆம் ஆண்டு நெறிமுறையில் இந்த வரம்பு 22 ஆக இருந்தது.

மறைந்திருக்கும் உப்பு

இம்மாத்திரையின் எடையில் ஏறத்தாழ 27 சதவீதம் சோடியம். நாளொன்றுக்கு 4.5 கிராம் உட்கொண்டால், சுமார் 1.2 கிராம் சோடியம் உடலில் சேரும். இது ஏறக்குறைய 3 கிராம் சமையல் உப்பில் உள்ள அளவு. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. எனவே உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கால் வீக்கம் உள்ளவர்கள் இம்மருந்தை மருத்துவரின் கண்காணிப்பிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்று வழிகளிலும் கவனம் தேவை. பொட்டாசியம் சிட்ரேட் மருந்தும் உடலில் காரத்தைக் கூட்டும். பழங்களும் காய்கறிகளும் அமிலச் சுமையைக் குறைக்கும். ஆனால், டாக்ரோலிமஸ் எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றை மிகுதியாக உட்கொள்வதும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அபாயம் உண்டு. நெஞ்செரிச்சலுக்கு வாங்கும், மெக்னீசியம் அல்லது அலுமினியம் கலந்த அமில நீக்கி மருந்துகள், நிராகரிப்பைத் தடுக்கும் மைகோஃபெனோலேட் மருந்தை உடல் ஏற்கும் அளவைக் குறைத்துவிடும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது.

* மாத்திரைக்குப் பதிலாக ஆப்ப சோடாவை நீரில் கரைத்துக் குடிக்கக் கூடாது. அளவு மிகுந்தால் ரத்தத்தில் காரத்தன்மை ஆபத்தான நிலைக்கு உயரும்.

* வழக்கமான பரிசோதனையின்போது கிரியேட்டினினுடன் பைகார்பனேட், பொட்டாசியம் அளவுகளையும் கேட்டறிய வேண்டும்.

* கால் வீக்கம், மூச்சுத்திணறல், திடீர் எடை கூடுதல், ரத்த அழுத்த உயர்வு ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

* பைகார்பனேட் திடீரெனக் குறைந்தால் மாத்திரையைக் கூட்டுவதுடன் நின்றுவிடாமல், அதன் காரணத்தையும் கண்டறிய வேண்டும். வயிற்றுப்போக்கு, மருந்தின் பக்கவிளைவு, உறுப்பு நிராகரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கக்கூடும்.

பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டிக்க, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளை நேரம் தவறாமல் உட்கொள்வது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, முறையாகப் பரிசோதனை செய்துகொள்வது ஆகியவையே இன்றும் முதன்மையான வழிகளாக உள்ளன.