கொலையாளி யார் என்று முதலிலேயே காட்டிவிடும் 'கொலம்போ': ரசிகர்கள் இன்னும் சண்டை போடுவது எதற்கு?

ஒரு பணக்கார வீடு. நன்றாகப் படித்த, நாகரிகமான ஒருவர் நிதானமாக ஒரு கொலையைச் செய்கிறார். கைரேகையைத் துடைக்கிறார். அந்த நேரத்தில் தான் வேறு இடத்தில் இருந்ததுபோல சாட்சிகளையும் தயார் செய்கிறார். இதையெல்லாம் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதற்குப் பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாக ஒரு போலீஸ்காரர் உள்ளே வருகிறார்.

அமெரிக்க டிவி தொடரான 'கொலம்போ'வின் ஃபார்முலா இவ்ளோதான். 1971ல் வழக்கமான தொடராகத் தொடங்கிய இதைப் புதிது புதிதாக ஆட்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்தவர்கள் ஒரே கருத்தில் இருக்கிறார்களா என்றால், இல்லை. தொடரின் வேகத்தில் தொடங்கி, ஹீரோ செய்வது நியாயமா என்பது வரை விவாதம் ஓடுகிறது. எதைப் பற்றி இந்த மோதல்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். (கவனிக்க: சில எபிசோடுகளின் முடிவுகள் இதில் சொல்லப்பட்டுள்ளன.)

யார் இந்த கொலம்போ?

முதலில் ஒரு விஷயம். இலங்கையில் இருக்கும் கொழும்புக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. கொலம்போ என்பது லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் கொலை வழக்குப் பிரிவில் வேலை பார்க்கும் லெப்டினன்ட்டின் குடும்பப் பெயர். நடித்தவர் பீட்டர் ஃபால்க். சிறு வயதிலேயே வலது கண்ணை இழந்து, செயற்கைக் கண்ணுடன் வாழ்ந்த நடிகர். திரையில் வரும் அந்தப் பழைய மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டுதான். ஓட்டை உடைசல் பெஜோ 403 கார், 'டாக்' என்றே கூப்பிடப்படும் பாசெட் ஹவுண்ட் நாய் ஆகியவையும் இந்தப் பாத்திரத்தின் அடையாளங்கள்.

பாத்திரத்தை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரட்டை எழுத்தாளர்கள். 1960ல் ஒரு டிவி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் கொலம்போவாக வந்தார். 1962 மேடை நாடகத்தில் தாமஸ் மிட்செல் நடித்தார். ஃபால்க் வந்தது 1968ல், 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற டிவி படத்தில்.

என்பிசி சேனலில் 1978 வரையும், பிறகு ஏபிசி சேனலில் 1989 முதல் 2003 வரையும் ஒளிபரப்பாகி, முன்னோட்டப் படங்களையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள் வந்தன. இந்தப் பாத்திரத்துக்காக மட்டும் ஃபால்க் 4 எம்மி விருதுகள் வாங்கினார். 2011ல் தனது 83வது வயதில் காலமானார்.

விவாதம் 1: கொலையாளி தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன சுவாரஸ்யம்?

புதிதாகப் பார்ப்பவர்களின் முதல் புகார் இது. துப்பறியும் கதை என்றாலே 'யார் செய்தது?' என்ற கேள்விதானே! அதை முதல் 15, 20 நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டால், ரிசல்ட் தெரிந்த கிரிக்கெட் மேட்சைப் பார்ப்பதுபோல இருக்காதா என்கிறார்கள்.

ரசிகர்கள் சொல்லும் பதில் வேறு. கொலையை நாமும் முழுசாகப் பார்த்துவிட்டோம். ஆனாலும் கொலையாளி எங்கே கோட்டை விட்டார் என்பது நமக்குப் பிடிபடுவதில்லை. கொலம்போ கண்டுபிடிக்கும்போதுதான் 'அட, இது நம்ம கண்ணு முன்னாடியே இருந்ததே' என்று தோன்றுகிறது. அந்தப் பிழையைத் தேடுவதுதான் விளையாட்டு.

இந்த முறையை கொலம்போ கண்டுபிடிக்கவில்லை. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912லேயே இப்படித் தலைகீழாகச் சொல்லும் கதைகளைத் தொகுப்பாக வெளியிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்சும் கொலம்போவுக்கு ஒரு முன்மாதிரி.

ஃபார்முலாவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1976ல் வந்த 'லாஸ்ட் சல்யூட் டு தி கமோடோர்' எபிசோடில் கொலையாளி யார் என்பதைக் கடைசி வரை மறைத்தார்கள். கொலம்போவின் நடை, பேச்சு எல்லாமே வித்தியாசமாக இருந்தது. சிலர் இதைத் துணிச்சலான முயற்சி என்கிறார்கள். பழைய ரசிகர்களில் பலர் தொடரின் மோசமான எபிசோடுகளில் ஒன்று என்று இன்றும் திட்டுகிறார்கள்.

விவாதம் 2: அவர் அப்பாவியா, நடிக்கிறாரா?

பேந்தப் பேந்த விழிப்பது, பேனாவைத் தேடுவது, மனைவியைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் பேசுவது, விடைபெற்று வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து 'இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்' என்று ஆரம்பிப்பது. இதெல்லாம் அவர் இயல்பா, எதிராளியை ஏமாற்றும் வேஷமா?

1968 படத்திலேயே கொலையாளியான மனநல மருத்துவர் இதை கொலம்போவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்: மற்றவர்கள் தன்னைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று கொலம்போ வேண்டுமென்றே இப்படி நடக்கிறார் என்று. ஆனால் கொலைகாரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் அவர் மறதிக்காரராகத்தான் இருக்கிறார் என்று எதிர் தரப்பு காட்டுகிறது. 'பாதி இயல்பு, பாதி தந்திரம்' என்று நடுவில் நிற்பவர்களும் உண்டு.

இதன் கிளைச் சண்டைதான் கொலம்போவின் மனைவி. எப்போதும் பேச்சில் வருவார், திரையில் வரவே மாட்டார். அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்று கேட்கும் ரசிகர்கள்கூட இருக்கிறார்கள். 1979ல் என்பிசி 'மிஸஸ் கொலம்போ' என்று தனித் தொடரே எடுத்தது. கேட் மல்க்ரூ நடித்தார். லெவின்சனுக்கும் லிங்க்குக்கும் அதில் உடன்பாடு இல்லை. ரசிகர்களும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தத் தொடர் அடுத்த ஆண்டே முடிந்துபோனது.

விவாதம் 3: பழசா, புதுசா?

எழுபதுகளில் வந்தவைதான் உண்மையான கொலம்போ என்பது பெரும்பாலான ரசிகர்களின் கட்சி. ஜாக் கேசிடி, ராபர்ட் கல்ப், பேட்ரிக் மெக்கூகன் போன்றவர்கள் கொலையாளியாகத் திரும்பத் திரும்ப வந்து கலக்கிய காலம் அது. 1989க்குப் பிந்தைய எபிசோடுகளில் கொலம்போ தன்னைத்தானே காப்பி அடிக்கிறார், காமெடி கூடிவிட்டது என்பது அவர்கள் குறை. 1992ல் வந்த 'நோ டைம் டு டை'யில் வழக்கமான கொலைப் புதிர்கூடக் கிடையாது. ஒரு மணப்பெண்ணைக் கடத்துவதுதான் கதை.

ஆனால் மெக்கூகன் கொலையாளியாக வந்த 'அஜெண்டா ஃபார் மர்டர்' (1990) புதிய காலத்தைச் சேர்ந்ததுதான். அவருக்கும் ஃபால்க்குக்கும் எம்மி கிடைத்தது. 'எல்லாமே வேஸ்ட் என்று சொல்லிவிட முடியாது' என்பவர்களுக்கு இதுதான் துருப்புச்சீட்டு.

நீளம் பற்றிய புகார் இரண்டு காலத்துக்கும் பொது. சுமார் 73 நிமிடம் ஓடும் எபிசோடுகள் கச்சிதமாக இருக்கின்றன. 98 நிமிடம் வரை இழுத்தவற்றில் சில இடங்கள் ஜவ்வாக இழுக்கின்றன. இதைத் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

விவாதம் 4: அவர் செய்வது சட்டப்படி சரியா?

சீரியஸான விவாதம் இதுதான். தொடர் பெரும்பாலும் கொலையாளி மாட்டிக்கொள்வதோடு முடிந்துவிடும். கோர்ட்டில் என்ன ஆனது என்று காட்டமாட்டார்கள். காட்டியிருந்தால் பல கேஸ்கள் நிற்காது என்பது விமர்சகர்கள் வாதம்.

'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்' (1971) எபிசோடில், இறந்த பெண்ணின் கான்டாக்ட் லென்ஸ் தொலைந்துவிட்டதாக கொலையாளியை நம்பவைக்கிறார் கொலம்போ. அவருடைய காரையும் ஓடாமல் செய்து, மெக்கானிக் ஷெட்டுக்குப் போக வைக்கிறார். லென்ஸைத் தேடி வரும் கொலையாளி கையும் களவுமாகப் பிடிபடுகிறார். லண்டனில் நடக்கும் 'டேகர் ஆஃப் தி மைண்ட்' (1972) கதையில் இன்னும் ஒரு படி மேலே போய், முத்து ஒன்றைத் தானே ஒரு குடைக்குள் விழவைக்கிறார்.

அமெரிக்கச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? விசாரணையில் போலீஸ் பொய் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்பது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1969ம் ஆண்டுத் தீர்ப்பு. பேசாமல் இருக்கும் உரிமையையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் போலீஸ் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற 1966ம் ஆண்டு மிராண்டா தீர்ப்பு, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் பொருந்தும். கொலையாளியின் வீட்டு வரவேற்பறையில் காபி குடித்தபடி கொலம்போ பேசும் பேச்சுக்கு அது பொருந்தாது. ஆக, லென்ஸ் பொய் தப்பிக்கலாம். ஆனால் ஆதாரத்தைத் தானே கொண்டுபோய்ப் போடுவது எந்த நாட்டிலும் குற்றம்தான்.

ஆதரவாளர்கள் தரப்பு இது: எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள். தொழிலதிபர், பிரபல எழுத்தாளர், இசைக்கலைஞர். 'எ ஃப்ரெண்ட் இன் டீட்' (1974) கதையில் கொலையாளி கொலம்போவின் சொந்த மேலதிகாரியே. சந்தேக நபரின் முகவரி என்று ஃபைலில் தன் சொந்த முகவரியை கொலம்போ எழுதி வைக்க, அந்த அதிகாரி நகைகளை அங்கே ஒளித்து வைத்து மாட்டிக்கொள்கிறார். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களைப் பிடிக்க வேறு வழி ஏது? அவர் துப்பாக்கியையும் தூக்குவதில்லை, யாரையும் அடிப்பதுமில்லை.

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்தான் கொலையாளி என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் கேமரா காட்டிவிட்டது. கொலம்போ அதைப் பார்க்கவில்லை. அவரிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான். அந்தச் சந்தேகம் தப்பாக இருந்தால், தினமும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் போலீஸ்காரர் ஒரு நிரபராதிக்கு எப்படித் தெரிவார்? டிவியில் நாம் கைதட்டும் அதே பொறி, நிஜ வாழ்க்கையில் அப்பாவியின் மீதும் விழலாம். தொடரின் அமைப்பே இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாமல் பார்த்துக்கொள்கிறது.

கொலம்போவும் எப்போதும் ஒரேபோல நடப்பதில்லை. 'ஃபர்காட்டன் லேடி' (1975) கதையில், தான் செய்த கொலையே நினைவில் இல்லாத அளவுக்கு நோய் முற்றிய ஒரு முன்னாள் நடிகை. அவருக்காக நண்பர் ஒருவர் பழியை ஏற்க, கொலம்போ விட்டுக்கொடுத்துவிடுகிறார். அது கருணையா, கடமை தவறியதா என்பதிலும் ரசிகர்கள் இரண்டு பிரிவுதான்.

பார்க்க நினைத்தால் எங்கே தொடங்கலாம்?

* 'மர்டர் பை தி புக்' (1971): தொடரின் முதல் வழக்கமான எபிசோட். இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.
* 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' (1971): கடைசிக் காட்சிக்காகவே பார்க்கலாம்.
* 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' (1973): கொலையாளி மீதே நமக்குப் பாவம் வந்துவிடும்.
* 'எ ஃப்ரெண்ட் இன் டீட்' (1974): போலீஸ் மேலதிகாரிக்கு எதிராக கொலம்போ.

'லாஸ்ட் சல்யூட் டு தி கமோடோர்' மட்டும் முதலில் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு எபிசோட் பார்த்துப் பழகிய பிறகு அதைப் பார்த்தால், அந்தச் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.