யான் எனப்படுவது யாது?
மேல்நாட்டுச் சமூக உளநூலார் ஆராய்ச்சி வரலாறு

‘யான்’ என்னுஞ் சொல்லை வழங்காத மக்கள் இலர். அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருள் யாது என வினவின், விடை எளிதிற் கிடைப்பதன்று. நம் மெய்கண்ட நூல்கள் இதனைப் பசு இலக்கணத்துள் வைத்து ஆராய்கின்றன. மேல்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதனை வேறொரு நெறியில் ஆராய்ந்து வருவது சமூக உளநூல். ஒருவன் தன்னை இன்னான் என்று கொள்ளுதல், பிறரோடு கூடிய வாழ்க்கையால் எங்ஙனம் அமைகின்றது என்பதே அதன் ஆராய்ச்சி. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, சைவ நன்மக்கள் அதனிற் கொள்ளற்பாலன இவை, தள்ளற்பாலன இவை எனக் காட்டுதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்குத் தோற்றுவாய் செய்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்த வில்லியம் ஜேம்ஸ் என்பார். 1890-ஆம் ஆண்டில் இரண்டு பாகமாக வெளிவந்த அவரது உளநூற் பெருநூல், அறிவோனாகிய யான், அறியப்படுவதாகிய யான் என இரண்டு கூறு வகுக்கின்றது. உடம்பு, உடை, மனை, மக்கள், பொருள் என்பன பின்னதன் ஒரு பகுதி. பிறர் நமக்குத் தரும் மதிப்பு மற்றொரு பகுதி. நம் உள்ளத்தாற்றல்கள் மூன்றாம் பகுதி. ஒருவனை அறிந்தார் எத்துணையரோ, அத்துணைச் சமூக ‘யான்’கள் அவனுக்கு உண்டென்றார் ஜேம்ஸ். ‘யான்’, ‘எனது’ என்னும் இரண்டற்கும் இடையே வரம்பு காண்டல் அரிதென்றும், பொருளை இழந்தவன் தானே குறைந்தாற்போல் வருந்துதல் அதனாலென்றும் காட்டினார். அகப்பற்றும் புறப்பற்றும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் எனக் கேட்டறிந்த நமக்கு இது புதிதன்று. ஆயின், அறிவோனாகிய யான் யாது என்னுமிடத்து, ஆன்மா என ஒன்றை உளநூல் வேண்டுவதில்லை என்றும், அவ்வப்போது ஓடும் நினைவே நினைப்போனாம் என்றும் கூறி அவர் அமைந்தார்.

அடுத்து வந்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஹார்ட்டன் கூலி. 1902-இல் வெளியிட்ட நூலில் அவர், பிறரைக் கண்ணாடியாகக் கொண்டே ஒருவன் தன்னைக் காண்கின்றான் என்றார். பிறர்க்கு நாம் எவ்வாறு தோன்றுகின்றோம் எனக் கருதுதல், அத்தோற்றத்தை அவர் எவ்வாறு மதிப்பர் எனக் கருதுதல், அதனாற் செருக்கேனும் நாணமேனும் கொள்ளுதல் என மூன்று நிலைகள் இதன்கண் உள. பிறர் உள்ளதன்படி நம்மை மதித்தலினும், அவர் அங்ஙனம் மதிப்பதாக நாம் கருதுவதே நம்மை ஆட்டுகின்றது என்பது இதன் நுட்பம்.

சிக்காகோவில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்பார் 1931-இல் மறைந்தார். அவர் கற்பித்தவற்றை மாணாக்கர் குறிப்புக்களினின்று தொகுத்த நூல் 1934-இல் வெளிவந்தது. சிறுமகவு தாயாகவும் ஆசிரியராகவும் தன்னைப் பாவித்து ஆடுகின்றது. வளர்ந்தபின் பலர் கூடி ஆடும் பந்தாட்டத்தில் ஒவ்வொருவர் செயலையும் தன் உள்ளத்தமைத்தே தன் செயலைச் செய்கின்றது. இவ்வாறு பிறர் நோக்கைத் தன்னுட் கொள்ளுதலாலேயே ‘யான்’ என்னும் உணர்வு பிறக்கும் என்பது மீட் கொள்கை.

இவ்வாராய்ச்சியைத் தனி மனிதனினின்று கூட்டத்தின்பாற் செலுத்தியவர் ஹென்றி தாஜ்பெல். அவர் 1919-இற் போலந்து நாட்டு யூதர் குடியிற் பிறந்தவர். பிரான்சிற் பயின்று, இரண்டாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, ஜெர்மானியர் கையிற் சிறைப்பட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுக் குடியாகக் காட்டிக்கொண்டமையால் உயிர் பிழைத்தார். போர் ஒழிந்து மீண்டபோது, அவர்தம் உற்றாருள் ஏறக்குறைய எல்லாரும் கொல்லப்பட்டிருந்தனர். இன்ன கூட்டத்தான் என்னும் ஒரு பெயரே உயிரை நிறுத்தவும் போக்கவும் வல்லதாதலை அவர் நூலிற் கண்டறிந்தாரல்லர்.

பின்னர் இங்கிலாந்திற் பிரிஸ்டல் நகரில் ஆசிரியராயிருந்து, 14, 15 வயதுடைய பள்ளிச் சிறுவரை வைத்து அவரும் துணைவரும் செய்த ஆராய்ச்சி 1970, 1971-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. ஒருகால் 64 சிறுவரைத் திரையிற் காட்டிய புள்ளிகளை மதிப்பிடச் செய்தும், பின்னொருகால் 48 சிறுவரை ஓவியர் இருவரில் எவர் படம் இனிது என வினவியும், அவற்றைக் காரணமாகச் சொல்லி இரு கூட்டமாக்கினர். உண்மையிற் கூட்டங்கள் குறிப்பின்றியே வகுக்கப்பட்டன. பின், பெயரறியாத பிறர் இருவர்க்குக் காசு பகிருமாறு ஒவ்வொருவனையும் ஏவினர். பகிர்வானுக்கு அதில் ஊதியம் ஒன்றும் இல்லை. அங்ஙனமாகவும் சிறுவர் தம் கூட்டத்தானுக்கே மிகுதி கொடுத்தனர். அதனினும் வியப்பாவது, தம்மவன் பெறுவது சுருங்கினும், மற்றவனினும் அவன் மிக்குப் பெறுதலையே பலரும் நாடியதாம். தன் கூட்டத்தின் உயர்விலே தன் உயர்வைக் காணும் இயல்பே இதற்குக் காரணமென, தாஜ்பெல்லும் ஜான் டர்னரும் 1979-இல் ஒரு கொள்கை வகுத்தனர்.

இனி, இவற்றைச் சித்தாந்தத்தோடு வைத்து ஆராய்வாம். இவையெல்லாம் பொய்யெனத் தள்ளுதல் அறிவுடைமையாகாது. உயிர் தான் சார்ந்ததன் இயல்பைத் தன் இயல்பாகக் கொள்ளும் என்பது நம் துணிபு. அடுத்த பூவின் நிறத்தைப் படிகம் காட்டுதல் அதற்கு உவமை. கூலி கூறிய கண்ணாடியும், மீட் கூறிய ஆட்டமும், தாஜ்பெல் கண்ட கூட்டப்பற்றும் அப்படிகம் கொள்ளும் நிறங்களை எண்ணிக் காட்டுவனவே.

நிறங்களை எண்ணி முடித்தமையாற் படிகம் இல்லையென்று ஆகாது. ‘எனது உடம்பு’ என்னும் வழக்கையே ஏதுவாகக் கொண்டு, அங்ஙனம் கூறுவான் உடம்பின் வேறாதலைச் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் நிறுவும். ‘என் குலம், என் நாடு, என் மதிப்பு’ என்னுமிடத்தும் அவ்வேது செல்லும். நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களை உயிரின் வேறாக்கி, அரசற்கு அமைச்சர்போல் வைக்கும். அக்கரணங்களுள் ஒன்றாகிய அகங்காரம் ‘இன்னான் யான்’ என்று எழுமாற்றையே மேல்நாட்டார் எழுதினர். அதனையுடைய உயிரை அன்று.

அற்றேல், ‘யான்’ என்னும் உணர்வு பிறராற் பிறத்தலின் உயிர் அநாதி அன்றெனின், அது பொருந்தாது. உணர்த்த உணர்வது உயிரின் இயல்பு. விளக்கொளி கண்ணுக்குக் காட்சியை விளக்குமன்றிக் கண்ணைப் படைப்பதின்று. அளந்து காணத்தக்கவற்றோடு ஒரு நூல் நிற்றல் குற்றமன்று. அதற்கப்பால் ஒன்றுமில்லை என்றலே குற்றமாம்.

இவ்வாராய்ச்சியால் நமக்கு வரும் பயனும் ஒன்றுண்டு. புள்ளிகளை எண்ணியதே காரணமாக ‘எம்மவர், பிறர்’ எனச் சிறுவர் பிரிவாராயின், குலமும் ஊரும் ஆதீனமும் உரைவேறுபாடும் நம்மைப் பிரித்தற்கு எத்துணை வலியுடையவாம்! திருநீறும் கண்டிகையும் அணிந்தும், ஒருவனை இழிவாக நோக்கினாலன்றி நம் உயர்வு தோன்றாதாயின், நாம் அணிந்தது சிவசின்னமன்று, கூட்டக் குறியேயாம். அடியார் கூட்டமும் ஒரு சார்பே. ஆயினும் ‘யான்’, ‘எனது’ என்பவற்றைப் பெருக்குதற்கன்றிக் கரைத்தற்கு அமைந்த சார்பு அது. நாம் சார்ந்திருப்பது அவ்விரண்டனுள் எது என்பதை நாளும் தன்னுள் நோக்கித் தெளிதல் ஒவ்வொரு சைவர்க்கும் கடனாம். அத்தெளிவுக்குத் திருவருள் துணை நிற்பதாக.