கிள்ளான் மழையும் தாத்தாவின் கானும்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு நாளாவது கொம்யூட்டர் ரயிலேறி கிள்ளான் துறைமுகம் வரைக்கும் போய்விட்டு வருவேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். கே.எல். சென்ட்ரலில் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். சுபாங் ஜெயா தாண்டும்போது மேற்கே கறுக்கும். பாடாங் ஜாவாவில் முதல் துளி ஜன்னலில் விழும். கிள்ளானில் இறங்கும்போது எதிர் மேடை தெரியாத அளவுக்குக் கொட்டும். இந்த மேற்குக் கரைக்கு வருஷத்தில் இரண்டு மழை உண்டு. ஒன்று ஏப்ரல் வாக்கில் வரும். மற்றது அக்டோபர், நவம்பரில். தீபாவளிக்கு வாசலில் போட்ட கோலத்தை இந்த இரண்டாவது மழை எத்தனை முறை கரைத்திருக்கிறது என்பது இங்கே பிறந்த யாருக்கும் தெரியும்.

என் தாத்தா இறங்கியதும் அப்படி ஒரு மழை நாளில்தான். 1937. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர், பினாங்கைத் தாண்டி போர்ட் சுவெட்டன்ஹாமில் கரையேறினார். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது அந்தப் பெயர், 1972-இல்தான் மாற்றினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் அவர். அங்கே ஐப்பசி மழை என்றால் நடவு, வேலை, நெல். "மழை நம்ம ஊரு மழைதான்டா, நிலந்தான் வேற" என்பார். இங்கே மழை பெய்தால் கித்தா மரத்துப் பட்டை நனைந்துவிடும், பால் வழிந்து கெட்டுப்போகும், வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. மழையைப் பார்த்துக் கும்பிட்ட மனிதர் மழையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டது இந்த மண்ணில்தான். அவர் பயந்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

அந்தப் பயம் விளங்க, துறைமுகத்தின் கதையை ரயிலிலிருந்து தொடங்க வேண்டும். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். ஈயம் கொண்டுபோக. ஆற்றைத் தாண்டப் பாலம் இல்லாததால் ரயில் கிள்ளானுக்கு முன்னாலேயே நின்றது. 1890-இல்தான் பாலம் வந்து ஊருக்குள் நுழைந்தது. ஆனால் பெரிய கப்பல் உள்ளே வர ஆற்றில் ஆழம் போதவில்லை. அதனால் ஆற்றின் முகத்துவாரத்தில், சதுப்புக்காட்டின் நடுவே, புதுத் துறைமுகம் கட்டி, மலாய் கூட்டு மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரலான பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை வைத்தார்கள். 1901 செப்டம்பரில் திறந்தார்கள்.

திறந்த சில வாரங்களிலேயே அங்கே குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, பரவியது. துறைமுகக் கூலிகள், ரயில்வே ஆட்கள், கரையில் இறங்கிய கப்பல்காரர்கள் என்று யாரையும் விடவில்லை. இவ்வளவு செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது.

அந்த வருஷம் ஜனவரியில்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நாலே வருஷம். பெரிய மனிதர்களே அதை முழுக்க நம்பாத காலம். வாட்சன் நம்பினார். கொய்னா கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, ஊருக்குள் இருக்கும் சதுப்பை வெட்டித் திருத்தி, கான் எடுத்துத் தண்ணீரை வடித்துவிடுவதே வழி என்றார். துறைமுகத்தில் கடல் உள்ளே ஏறாதபடி கரை கட்டி, உள்ளே கான் வெட்டினார்கள்.

பலன் எப்படி இருந்தது என்பதற்கு வாட்சன் தந்த கணக்கே போதும். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலில் செத்தவர்கள் 368 பேர். 1902-இல் அது 59 ஆனது. 1905-இல் 45. கான் வெட்டாத சுற்றுவட்டாரத்திலோ சாவு குறையவே இல்லை. ஆகவே இது தானாக வந்து தானாகப் போன காய்ச்சல் இல்லை. மண்வெட்டிதான் அதை விரட்டியது. கிள்ளான் ஊர் இன்றைக்கு இருக்கிறதென்றால் அந்த ஐந்து வருஷ வேலையால் இருக்கிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் என் தாத்தாவுக்கு அதில் இடம் இருந்திருக்காது. சில வருஷங்களில் ரப்பர் விலை ஏறி, தோட்டங்கள் கடலோரச் சமவெளியை விட்டு மேட்டுநிலத்துக்கு ஏறின. வாட்சனும் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். கிள்ளானில் பலித்த வைத்தியத்தையே அங்கேயும் செய்தார்கள்: காட்டை வெட்டு, கானை எடு, தண்ணீரை ஓடவிடு. மேட்டில் அது பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. லயத்துக்கு லயம் பிணம் விழுந்தது.

காரணத்தை அவர் கண்டுபிடித்தார். கொசு எல்லாம் ஒரே கொசு இல்லை. கடலோரத்தில் காய்ச்சல் பரப்பியது நிழலில், தேங்கிய சதுப்பு நீரில் முட்டையிடும் இனம். காட்டை வெட்டித் தண்ணீரை வடித்தால் அது ஒழிந்துவிடும். மேட்டில் இருந்ததோ அனாபிலிஸ் மாகுலாட்டஸ். அதற்கு வெயில் படும், தெளிந்து ஓடும் ஓடைத் தண்ணீர் வேண்டும். நிழல் மரங்களை வெட்டி ஓடையை வெயிலில் திறந்துவிட்டவன் அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டித் தந்தவன் ஆனான். ஒரு நிலத்தில் உயிர் காத்த அதே வேலை அடுத்த நிலத்தில் உயிர் வாங்கியது. ஒவ்வொரு கொசு இனத்தையும் தனித்தனியாக அறிந்து அதற்கேற்ற வேலை செய்வது என்ற பாடம் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களில் பாதியாவது நம் சனம் என்று நான் நினைக்கிறேன். எனக்கு இது பழைய கணக்கு அல்ல.

அதன் பிறகுதான் மேட்டுத் தோட்டங்களில் பள்ளத்தாக்கு நீரை மண்ணுக்குள் குழாய் பதித்துக் கொண்டுபோனார்கள். குழாய் பதிக்க முடியாத இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப் புழு மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். எண்ணெய்ப் படலம் அதைத் தடுக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரம் தவறாமல் அடிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் முன்பு அடித்ததெல்லாம் வீண்.

உலு லங்காட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் தாத்தாவுக்கு அந்த வேலை. முதுகில் எண்ணெய் டின், கையில் தெளிக்கும் குழல், இடுப்பில் கான் துப்புரவாக்க ஒரு வெட்டுக்கத்தி. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் மரம் வெட்டப் போக, இவர் தனியாகப் பள்ளத்தாக்கில் இறங்குவார். மழை நாளில் மற்றவர்கள் லயத்தில் உட்கார்ந்திருக்க, அடைபட்ட கானைத் திறந்துவிட இவர் போயாக வேண்டும். அவர் தோளில் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்துத் தடித்திருந்ததை நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். "எத்தன பிள்ளைங்க பொழைச்சுது தெரியுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பெருமையாகக் கேட்கவில்லை. அவருடைய முதல் மகள் அதே தோட்டத்தில் காய்ச்சலில் போனவள்.

அப்பா ரயில்வேயில் சேர்ந்ததால் எங்கள் குடும்பம் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், கட்டுவதெல்லாம் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் செங்கல் அறுத்த இடம். வெள்ளம் அதோடு நிற்கவில்லை. 1926-இல் வந்தது. 1971 ஜனவரியில் வந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார். அந்த நேரத்திலும் தாத்தா வாசல் லொங்காங்கில் கம்பை விட்டுக் குப்பையை இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு 2021 டிசம்பர் 18. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள்.

இந்தத் தடவை கிள்ளானில் இறங்கி லிட்டில் இந்தியா வழியாக நடந்து கோத்தா பாலத்துக்குப் போனேன். இரண்டு தட்டுப் பாலம். மேலே வண்டிகளுக்கு, கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கு என்றே கட்டியது. அங்கிருந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் வீங்கிப் போகிறது. கரையோரத்துச் சின்னக் கான்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து கொட்டுகின்றன. அவற்றை வெட்டியவர்கள் தமிழர் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சீனரும் ஜாவாக்காரரும் சேர்ந்து வெட்டியவை.

வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. அவருக்கு அது தகும். கான் வெட்டியவர்களின் பெயரும் எண்ணெய் அடித்தவர்களின் பெயரும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அந்த வேலை செய்திருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இந்த மழைக்குள் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.